பொறி தவறும் இடங்கள்: செட்டிநாட்டுப் பழைய கார்களின் மின்கம்பிப் பழுதுகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைக் காண வருவோர், வளவின் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் கண்டு வியந்து திரும்புகிறார்களே யன்றி, பக்கத்து வண்டிக் கொட்டகையில் துணி போர்த்து நிற்கும் பழைய மோட்டார் காரை எட்டிப் பார்ப்பவர் சிலரே. அப்படிப் பார்க்கும் சிலரும் அதன் வர்ணத்தையும் முன்விளக்குகளின் வடிவத்தையும் புகழ்வார்களே தவிர, இன்றைக்குச் சாவியைத் திருகினால் அந்த வண்டி கிளம்புமா என்று கேட்பதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்தித் திரட்டிய பொருளைக் கொண்டு நகரத்தார் வாங்கிய ஆஸ்டின், மாரிஸ், ஹில்மன் முதலிய சீமை வண்டிகளும், சுதந்திரத்துக்குப் பின் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடரும், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட்டும், 1961 முதல் பத்தாண்டுக் காலம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், பெட்ரோலுக்குத் தீ வைக்கும் ஏற்பாட்டில், பிற்காலத்து மாறுதல்கள் நீங்கலாக, ஏறக்குறைய ஒன்றே. அந்த ஏற்பாட்டில் பழுது நேரும்போது அது எங்கே ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிக் காணும் முறைகளுள் எது சரியானது என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்விஷயத்தில் மூன்று விதமான அபிப்பிராயங்கள் நம்மிடையே வழங்குகின்றன. வண்டி நின்றுவிட்டால் காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக் என்று ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போனால் ஏதேனும் ஒன்றில் பழுது அகப்பட்டுவிடும் என்பது முதலாவது. ஐம்பது அறுபது ஆண்டு ஆன கம்பிகளை நம்பவே கூடாது, ஒயரிங் முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்பது இரண்டாவது. பாயிண்டையே அகற்றிவிட்டு எலெக்ட்ரானிக் சாதனம் ஒன்றைப் பொருத்திவிட்டால் பிரச்சினையே எழாது என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் மூன்றும் ஒரு முக்கியமான உண்மையைத் தவறவிடுகின்றன என்பது என் துணிபு. பழைய காரின் மின்சாரப் பழுதுகளிற் பெரும்பாலானவை சாமான்களில் இருப்பதில்லை. நெடுங்கம்பியின் நடுவிலும் இருப்பதில்லை. கம்பியும் சாமானும் சேருமிடத்தில், அதாவது இணைப்பில், இருக்கின்றன. இணைப்பைப் பரீக்ஷிக்காமல் எதை மாற்றினாலும், மாற்றியது புதிதாகவும் பழுது பழையபடியாகவுமே நிற்கும்.

இதனை விளக்கமாகக் காண்பதற்கு, இந்த ஏற்பாடு பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் நலம். மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில், பொறியை உண்டாக்குவதற்குத் தானே மின்சாரம் விளைவிக்கும் மாக்னெட்டோ என்னும் யந்திரமே பிரதானமாக இருந்தது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்டு என்பவர் 1902இல் உயர் அழுத்த மாக்னெட்டோவைச் செப்பனிட்டு முடித்தபின் அது உலகெங்கும் பரவிற்று. பின்னர் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர், பேட்டரியிலிருந்து வரும் சொற்ப மின்னழுத்தத்தை ஒரு காயிலின் உதவியால் பன்மடங்காகப் பெருக்கும் முறையை வகுத்து, 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது இடம்பெறச் செய்தார். விளக்குக்கும் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்புக்கும் எப்படியும் பேட்டரி தேவைப்பட்டதால், மாக்னெட்டோவைக் காட்டிலும் மலிவான இந்த முறையே நிலைத்தது. எலெக்ட்ரானிக் சாதனங்கள் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அதுவே ஆட்சி செலுத்திற்று. தமிழ்நாட்டில் இதற்கான டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ முதலியவற்றை இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தாரும் மதுரையில் தோன்றி வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தாரும் கூடி 1961இல் சென்னைப் பாடியில் நிறுவிய தொழிற்சாலை செய்து தந்தது. பிளக்குகளைப் பெங்களூரின் மைக்கோ தந்தது.

கெட்டரிங் வகுத்த முறையின் சூட்சுமம் எளியது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் தடித்த கம்பிச் சுற்றுக்குள் சென்று, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டரினுள் உள்ள பாயிண்ட் வழியாக எர்த்தை, அதாவது வண்டியின் இரும்பு உடம்பை, அடைகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடிக் காயிலைச் சூழ ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் பாயிண்டைத் திறந்த மாத்திரத்தில் அந்தக் காந்தப் புலம் சரிகிறது. சரியும் வேகத்தில், ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் கொண்ட மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, ரோட்டாராலும் மூடியாலும் பகிர்ந்தளிக்கப்பட்டு, அந்தந்த சிலிண்டரின் பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். அதாவது ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே விநாடியின் நூற்றில் ஒரு பங்கு அவகாசமே உண்டு. அந்த அவகாசத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நேரமே பாயிண்ட் மூடியிருக்கிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் காயில் நிரம்பவேண்டுமானால், அதற்கு வரும் மின்சாரத்தின் பாதையில் எந்தத் தடையும் இருத்தல் ஆகாது.

தடை எவ்வளவு சிறியதாயிருந்தாலும் எவ்வளவு கெடுதி செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். காயிலின் முதற்சுற்று 3 ஓம் தடை உள்ளதென்று கொள்வோம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். குளிர்ந்த எஞ்சினைச் செல்ப் சுழற்றும்போது பேட்டரியின் அழுத்தம் 10 வோல்ட் அளவுக்கு இறங்குவது சாதாரணம். அதே சமயத்தில் சாவியிலோ ஒயர் நுனியின் லக்கிலோ களிம்பேறி அரை ஓம் தடை மட்டும் சேர்ந்திருந்தால், மின்னோட்டம் 2.9 ஆம்பியருக்குக் குறைந்துவிடும். காயிலில் சேமிக்கப்படும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், பொறியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத, விரலால் தடவினாலும் உணர முடியாத ஒரு படலம் இவ்வளவையும் செய்துவிடுகிறது; உரிமையாளரோ புதுக் காயில் வாங்கக் கடைக்குப் போகிறார்.

அந்தப் படலம் எப்படி உண்டாகிறது என்பதை ஆராயும் சாஸ்திரத்துக்குக் காரைக்குடியே ஓர் ஆலயமாக இருப்பதை இங்கே எடுத்துக் கூறாமல் இருக்க முடியவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளிக்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14ஆம் தேதி சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் அரிக்கப்படுவதையும் பேட்டரிகளின் இயல்பையும் மின்முலாம் பூசும் முறைகளையும் ஆராய்வதையே தன் தொழிலாகக் கொண்டது. கடற்காற்று உலோகத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பதை அறிய மண்டபம் ஊரிலும் ஒரு சோதனைக் களம் வைத்து நடத்தி வந்திருக்கிறது. அங்கே பயிலும் மாணவர் எவரும் முதல் பாடத்திலேயே அறிவது இது: வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின் மேல் உப்போ அமிலமோ கலந்த ஈரம் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தால், அந்த இடமே ஒரு சிறு பேட்டரியாகி, இரண்டினுள் எளிதில் கரையும் உலோகம் கரையத் தொடங்கும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. பழைய காரில் செம்புப் பின்னலால் ஆன எர்த் பட்டையை இரும்பு உடம்பில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் இடத்தை அவிழ்த்துப் பார்த்தால், பட்டை ஒருவாறு நன்றாகவே இருக்க, அதன் கீழே இரும்பு மட்டும் செதில் செதிலாகத் துருப்பிடித்துக் கிடப்பதைக் காணலாம், காரணம் இதுவே. பித்தளை லக்கும் ஈயம் பூசிய கிளிப்பும் சேருமிடங்களிலும் சிறிய அளவில் இதே காரியம் நடக்கிறது. பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்மையும் பச்சையுமான உப்பு, கந்தக அமிலத்தின் ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்றதன் அடையாளம்.

இதனோடு செட்டிநாட்டுக்கே உரிய ஒரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்குள்ள பெரிய வீடுகள் பலவற்றில் குடும்பத்தார் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாடுகளிலும் தொழில் செய்வோர், முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து வீட்டைத் திறந்து, காரியம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஆச்சியின் கல்யாணத்துக்கு வந்த காரென்று பேரன் போற்றிப் பாதுகாக்கும் வண்டியும் அதேபோல ஆண்டில் சில நாட்களே தெருவைக் காண்கிறது. ஓடுகிற வண்டியில் பாயிண்டுகள் ஒன்றையொன்று அடித்துத் தாமே துலக்கிக்கொள்கின்றன. எஞ்சினின் சூடு இணைப்புகளின் ஈரத்தை உலர்த்துகிறது. டைனமோ பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நிற்கிற வண்டிக்கு இந்த மூன்றும் இல்லை. கோடை வெப்பத்தில் பேட்டரி தானே வடிந்து, 12.6 வோல்ட் காட்டவேண்டியது 12க்கு இறங்கி, தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டகையின் காற்று ஈரமாகிப் பாயிண்டின் டங்ஸ்டன் முகத்தில் மங்கல் படர்கிறது. இருளும் அமைதியும் உள்ள இடத்தைத் தேடும் எலி, பருத்தி நூல் பின்னிய பழைய ஒயரைக் கடித்து மெத்தை செய்கிறது. ரப்பர் உறையோ கடிக்கப்படாமலேயே காலத்தால் வறண்டு, தொட்டால் பொடியாக உதிர்கிறது. ஆகவே செட்டிநாட்டுக் காரின் பழுதை ஆராய்பவர், அது ஓடித் தேய்ந்த பழுதன்று, நின்று கெட்ட பழுது என்பதை மனத்தில் கொண்டு தொடங்கினால் பாதி தூரம் கடந்தவராவார்.

இனி, தேடும் முறைக்கு வருவோம். நம் ஊர்ப் பட்டறைகளில் அனுபவம் வாய்ந்த ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள் கையாளும் உபகரணம் ஒரு டெஸ்ட் லாம்பே. பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு ஒயர் நீட்டி, ஒன்றில் கிளிப்பும் மற்றதில் ஊசியும் வைத்துக்கொள்கிறார்கள். மல்டிமீட்டர் மலிந்துவிட்ட இக்காலத்தில் இதைப் பழைய வழக்கம் என்று ஒதுக்குவாரும் உண்டு, அது தவறு. மல்டிமீட்டர் தனக்கென்று மின்சாரம் ஏறக்குறைய எடுப்பதே இல்லையாகையால், ஒரே ஓர் இழை மட்டும் அறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். கொடியில் தொங்கும்போது கிணற்றுக் கயிற்றைப் பார்த்து அதன் பலத்தை நிர்ணயிப்பது போன்றது அது. பல்போ ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கிறது. பாதையில் தடையிருந்தால் உடனே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதே காரணத்தால்தான், சாவியைத் திருகியதும் டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை நம்பிச் சாவி நன்றாயிருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. அந்தச் சிறு பல்புக்குப் போதுமான மின்சாரம் காயிலுக்குப் போதாது. மல்டிமீட்டரையும் சரியாகப் பயன்படுத்த வழியுண்டு: பாயிண்டை மூடிய நிலையில் வைத்துச் சாவியைப் போட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியின் முனைக்கும் காயிலின் முனைக்கும் இடையே நேராக அளந்தால், வழியில் எத்தனை வோல்ட் தொலைந்தது என்று அது சொல்லிவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது.

தேடலைப் பேட்டரியிலிருந்து தொடங்குவதா, பிளக்கிலிருந்து தொடங்குவதா என்பது மெக்கானிக்குகளிடையே பழைய வாதம். எனக்கு நடுவில் தொடங்குவதே உத்தமமாகத் தோன்றுகிறது. காயிலின் தலையில் இரண்டு சிறு முனைகள் இருக்கின்றன. பழைய லூகாஸ் காயில்களில் சாவிப் பக்கத்து முனையில் எஸ்.டபிள்யூ. என்றும், பாயிண்ட் பக்கத்து முனையில் சி.பி. என்றும் பொறித்திருக்கும். சாவியைப் போட்டு முதல் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்தால் பிரகாசமாக எரியவேண்டும். எரியாவிட்டால் பழுது சாவிக்கும் பேட்டரிக்கும் உட்பட்டது. அது எரிந்தால், மல்டிமீட்டரை இரண்டாவது முனையில் வைத்து எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது 12 வோல்ட்டும் மூடும்போது ஏறக்குறையச் சுன்னமுமாக முள் மாறி மாறிக் காட்டினால் கீழ் அழுத்தச் சுற்று முழுவதும் செவ்வனே இருக்கிறது. பாயிண்ட் மூடிய பின்னும் 12 வோல்ட்டே நின்றால், பாயிண்டின் முகம் அழுக்கேறியிருக்கிறது, அல்லது உள்ளே போகும் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு எர்த் இல்லை. பாயிண்ட் திறந்த பின்னும் சுன்னமே நின்றால், அந்த முனையின் ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; கழற்றியதும் 12 வோல்ட் எழுமாயின் ஒயரோ கண்டென்சரோ எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; கழற்றிய பின்னும் எழாவிட்டால் அப்போதுதான் காயிலின் உட்சுற்று அறுந்ததென்று கூறலாம். கடையிலிருந்து ஒரு சாமானும் வாங்காமல், இவ்வளவு தெளிவான நிர்ணயத்தை இரண்டு திருகாணிகளின் முன் நின்று செய்துவிட முடிகிறது.

புதுப் பாயிண்ட் போட்டதும் வண்டி அறவே கிளம்பாமற் போவதுண்டு. பாயிண்டைப் பொருத்தும் சிறு தூணில் கண்டென்சர் ஒயரும் காயில் ஒயரும் ஸ்பிரிங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அவற்றைத் தூணிலிருந்து பிரித்து வைப்பதற்காக உள்ள பைபர் வாஷர் இடம் மாறிவிட்டால், மின்சாரம் பாயிண்ட் திறப்பதையும் மூடுவதையும் பொருட்படுத்தாமல் நேரே எர்த்துக்குப் போய்விடுகிறது. மேற்சொன்ன சோதனையில் இது ‘எப்போதும் சுன்னம்’ என்ற வகையில் அகப்படும்.

கம்பிகளைப் பின்தொடர வேண்டி வந்தால், ஆங்கில வண்டிகளிலும் அவற்றின் வழிவந்த அம்பாசிடர், ஹெரால்டு முதலியவற்றிலும் நிறங்களே வழிகாட்டி. பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் உள்ள பிரதான ஒயர் பழுப்பு; சாவியைக் கடந்து காயிலுக்குச் செல்வது வெள்ளை; காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்வது வெள்ளையில் கறுப்புக் கோடு; பியூஸைக் கடந்து வைப்பர் முதலியவற்றுக்குச் செல்வது பச்சை; எர்த் கறுப்பு. ஃபியட் வண்டிகளுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. பழைய பருத்தி ஒயர்களில் நிறம் வெளிறிப் பழுப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தோன்றும். கிளிப்பின் அடியில் வெளிச்சம் படாத இடத்தை விலக்கிப் பார்த்தால் அசல் நிறம் தெரியும். முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: இவ்வகை வண்டிகளில் பழுப்பு, வெள்ளை ஆகிய இரண்டு வழிகளுக்கும் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. அவை எர்த்தைத் தொட்டால் பேட்டரியின் முழு வலிமையும் அந்த ஒயரில் பாய்ந்து, பக்கத்து ஒயர்களையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். ஆதலால் எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்னும் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

சாதாரணச் சோதனைகளுக்கு அகப்படாமல் நல்ல மெக்கானிக்கையும் மயக்குகிற ஒரு பழுதை இங்கே சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. தேவகோட்டைச் சாலையில் ஓர் அம்பாசிடர். நின்ற இடத்தில் அழகாக ஓடும், ஊருக்குள் ஓடும், சாலையில் மிதமான வேகத்தில் சீராகப் போகத் தொடங்கியதும் மிஸ் அடிக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் ஆச்சரியமாகச் சரியாகிவிடும். காயிலும் கண்டென்சரும் பிளக்குகளும் மாற்றப்பட்டிருந்தன. கார்புரேட்டரையும் இரண்டு கடைகளில் பிரித்துக் கழுவியிருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, வாக்குவம் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார் ஒரு முதிய எலெக்ட்ரீசியன்; பாயிண்ட் இருக்கும் தட்டு சிறிது நகர்ந்தது; நகர்ந்த அதே கணத்தில், அவர் மாட்டி வைத்திருந்த டெஸ்ட் லாம்பின் ஒளி துடித்தது. “அண்ணே, இந்தா இருக்கு பாருங்க” என்று, விரல் நீளமும் இல்லாத ஒரு கறுப்பு ஒயரை அவர் மடக்கிக் காட்டினார். அதன் உறை புதிதுபோல இருந்தது. உள்ளே இழைகள் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. மிதமான வேகத்தில் எஞ்சினின் உறிஞ்சும் சக்தி மிகும்போது தட்டு திரும்பி, ஒயர் இழுபட்டு, முனைகள் பிரிகின்றன. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்தால் உறிஞ்சும் சக்தி குறைந்து, தட்டு பழைய இடத்துக்கு வந்து, முனைகள் மறுபடியும் சேர்கின்றன. பழுதின் குணங்களையெல்லாம் இந்த ஓர் ஒயர் முற்றாக விளக்கிவிட்டது. எந்த நிலையில் பழுது வருகிறது, எந்த நிலையில் போகிறது என்று உரிமையாளர் கவனித்துச் சொன்னதே அந்த எலெக்ட்ரீசியனை நேரே அந்த இடத்துக்கு அழைத்துச் சென்றது. சாமான்களை வரிசையாக மாற்றும் முறைக்கு அந்த வாக்குமூலத்தால் ஒரு பயனும் இருந்திராது.

எர்த் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் பெரிது. பேட்டரியிலிருந்து போகும் பாதைக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு மதிப்பு திரும்பி வரும் பாதைக்கும் உண்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் காரின் உடம்புக்கும் ஒரு செம்புப் பட்டை தனியே வேண்டும்; எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்துவிடுவது சகஜம். அப்போது செல்ப்பின் மாபெரும் மின்னோட்டம் வேறு வழியின்றிச் சோக் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்ப முயல்கிறது. செல்ப் அடித்தபின் சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறது என்றால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

எர்த்தைப் பற்றிப் பேசும்போது, 1960களின் நடுப்பகுதிவரை வந்த ஆங்கில வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்றைய பழக்கத்தில் ஒருவர் நெகட்டிவை எர்த்தாக மாட்டிவிட்டால், வண்டி ஓடவே செய்யும். ஆனால் பிளக்கில் பொறி தாவும் திசை மாறி, சூடான நடுமுனையிலிருந்து புறப்படவேண்டிய பொறி குளிர்ந்த வெளிமுனையிலிருந்து புறப்பட நேர்வதால், அதற்கு அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. எர்த்தை மாற்றுவதானால் காயிலின் இரண்டு சிறு முனைகளின் ஒயர்களையும் மாற்றி, டைனமோவையும் புதிய திசைக்கு ஏற்றவாறு பழக்க வேண்டும். இதை அறியாமல் செய்த மாற்றத்தால் ‘பழைய இழுவை இல்லை’ என்ற குறையோடு ஓடும் வண்டிகள் உண்டு.

உயர் அழுத்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பழுது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிகிறது. மார்கழி விடியலில் பனி இறங்கியபோது கிளம்ப மறுத்து, வெயில் ஏறியதும் கிளம்பும் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைப் பார்த்தால், பென்சில் கோடுபோல ஒரு கரிக் கோடு ஓடியிருக்கும். இருட்டிய பின் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், உறை கெட்ட பிளக் ஒயர்களில் நீலப் பொறி ஊர்வதைக் காணலாம். அவற்றைக் கையால் தொடாமல் பார்த்தலே விவேகம். காயிலும் கண்டென்சரும் சூடேறியபின் மட்டும் கெடுவதுண்டு என்பது உண்மை. ஒரு மணி நேரம் ஓடி நின்று, அரை மணி ஆறியபின் கிளம்பும் வண்டியில் அவற்றைச் சந்தேகிப்பதும் நியாயமே. ஆனால் சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும்போதும் இதே குணங்கள் தோன்றுகின்றன. நின்ற அந்த இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் படும்படி வைத்துச் செல்ப் அடித்து, பொறி உண்டா இல்லையா என்று பார்த்தால்தான் இரண்டும் பிரிபடும். சிந்திய பெட்ரோலோ அதன் வாசனையோ இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. ஆறியபின் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் சோதனையால் ஒன்றும் தெரியாது.

தொடக்கத்தில் குறித்த மூன்று அபிப்பிராயங்களுக்கு இப்போது திரும்பலாம். சாமான் மாற்றும் முறையில் உள்ள அபாயம், செலவு மட்டுமன்று. சந்தையில் இன்று கிடைக்கும் கண்டென்சர்களும் ரோட்டார்களும் எல்லாம் பழைய தரத்தில் இருப்பதில்லையாகையால், நல்லதைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போட்டுக்கொள்ளவும் நேர்கிறது. ஆகவே கழற்றிய அசல் சாமானை, அது கெட்டதென்று சோதனை நிரூபிக்கும்வரை, தூர எறியலாகாது. எலெக்ட்ரானிக் சாதனத்தைப் பொறுத்தவரை, பாயிண்டின் தேய்மானத்தை அது ஒழிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அது நன்மையே. ஆனால் அதுவும் அதே வெள்ளை ஒயரிலிருந்துதான் மின்சாரம் பெறுகிறது, அதே எர்த்தையே நம்பியிருக்கிறது. பாயிண்ட் பொறுத்துக்கொள்ளும் சோர்ந்த அழுத்தத்தைச் சில சாதனங்கள் பொறுப்பதில்லை. திசை மாற்றி மாட்டினால் கணத்தில் மடிகின்றன. பாயிண்டையோ சாலையோரத்தில் உப்புத்தாளால் துலக்கி, பில்லர் கேஜால் 0.015 அங்குலம் இடைவெளி வைத்து மறுபடி ஓட்டலாம். ஆண்டில் சில நாட்களே ஓடும் செட்டிநாட்டு வண்டிக்குப் பாயிண்டே பொருத்தம் என்பது என் கருத்து. எலெக்ட்ரானிக் போட்டே தீருவேன் என்பவர், கழற்றிய பாயிண்ட் தட்டை முழுமையாகக் காருக்குள்ளேயே வைத்திருக்கட்டும்.

ஒயரிங் முழுவதையும் மாற்றவேண்டும் என்னும் இரண்டாவது அபிப்பிராயமே மூன்றிலும் வலுவுள்ளது. ரப்பர் உறை பொடியாகி உதிரும் வண்டியில் வேறு வழியே இல்லை. அந்நிலையில் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவது தீயோடு விளையாடுவதாகும். எனினும் மாற்றும்போது வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயரை வாங்கிப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வீட்டு ஒயர் அசையாமல் கிடப்பதற்கென்று செய்யப்பட்டது. எஞ்சினின் அதிர்விலும் சூட்டிலும் அது திருகாணியின் அருகே முறிந்துவிடும். பழைய லூகாஸ் அளவில் 0.012 அங்குலக் கனமுள்ள 14 இழை ஒயருக்கு இன்று ஈடாக 0.30 மில்லிமீட்டர் இழை 14 கொண்ட, அதாவது 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஆட்டோமொபைல் ஒயரைக் காயில் வழிக்கும், 28 இழை கொண்ட 2 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சாவிக்கு வரும் பழுப்பு வழிக்கும் போடலாம். இணைப்புகளில் ஈயப்பற்று வைப்பதா, லக்கை நசுக்கிப் பொருத்துவதா என்றால், அதிர்வுள்ள இடங்களில் நசுக்கிப் பொருத்துவதே மேல். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைக்கச் செய்து, விறைத்த பகுதி முடியும் எல்லையில் முறிவுக்கு வழி வகுக்கிறது. எர்த் போல்ட்டின் அடியில் வர்ணத்தைச் சுரண்டி இரும்பு பளிச்சிட்ட பின் முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவவேண்டும். முறுக்குவதற்கு முன் வர்ணத்தின் மேலேயே பட்டையை வைத்தால் அன்றைக்கு வண்டி கிளம்பும், அடுத்த படைப்புக்குக் கிளம்பாது. வேலை முடிந்ததும், பாயிண்ட் மூடிய நிலையில் பேட்டரிக்கும் காயிலுக்கும் இடையே தொலையும் வோல்ட், எஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே செல்ப் அடிக்கும்போது தொலையும் வோல்ட் ஆகிய இரண்டு எண்களையும் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துவிட்டால், பல ஆண்டு கழித்து அந்தக் கொட்டகைக்கு வரும் மெக்கானிக், முதல் கால் மணி நேரத்திலேயே எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று ஒப்பிட்டு அறிந்துகொள்வார்.